பழைய காரும் புதிய கடனும்

பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கறள் பிடித்த நிலையில் வாங்கி, திருத்தி, ஓட்டிப் பார்க்க வேண்டுமென்பது எங்கள் சிநேகிதர் ஒருவருடைய நெடுநாள் ஆசை. அவர் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியர். மாதச் சம்பளத்திற் பெரும்பகுதி கடனுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போய்விடுகின்றது. ஆயினும் எம்.ஜி., ட்ரையம்ப், ஒஸ்ரின் ஹீலி என்ற பெயர்கள் காதில் விழுந்தாற் போதும். ஆசிரியர் அறையில் நடக்கும் சம்பள உயர்வுப் பேச்சைக்கூட மறந்துவிடுவார். இரண்டு ஆசனம், திறந்த கூரை, நீண்ட முன்மூடி, கம்பிச் சில்லு ஆகியவையே அவருடைய கனவின் இலட்சணங்கள்.

இந்த ஆசையை நாங்கள் பரிகாசம் செய்ததில்லை. மனிதன் செய்த யந்திரம் ஒன்றைப் பிரித்து, அதன் உள்ளமைப்பை அறிந்து, மறுபடியும் பூட்டி ஓட வைப்பதில் உள்ள இன்பம் உண்மையான இன்பமே. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எத்தனையோ பேர் தங்கள் வீட்டுக் கொட்டகையில் வருடக்கணக்காக இவ்வேலையைச் செய்கின்றனர். அங்கே அதற்கு ஓய்வு நேரமும் கையிருப்பும் உண்டு. உதிரிப்பாகங்களைப் புதிதாகச் செய்து விற்கும் வியாபாரமும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ பழைய காரைத் திருத்துவது ஒரு காலத்திலும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. அது சீவனோபாயம்.

ஸ்போர்ட்ஸ் கார் இங்கே அகப்படாததற்குக் காரணமும் இதுவே. குடியேற்ற நாடாக இருந்த இலங்கையில் அந்தக் கார்களை வைத்திருந்தவர்கள் தோட்டத் துரைமாரும், கொழும்புக் கம்பனிகளின் வெள்ளை உத்தியோகஸ்தர்களும், அவர்களுடைய நடை உடை பாவனைகளைப் பின்பற்றிய சுதேசக் கனவான்களும் ஆவர். நுவரெலியாவின் மஹகஸ்தோட்டையில் 1930களிலேயே மலையேற்றக் கார்ப் போட்டி நடந்தது. களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையில் யுத்தகால விமானத் தளமொன்று பின்னர் ஓட்டப் பந்தயத் திடலாயிற்று. யாழ்ப்பாணத்துக்கு வந்தவை வேறு கார்கள். மலாயாவில் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உழைத்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர், பிரக்கிராசி, டாக்டர், சுருட்டு வியாபாரி ஆகிய இவர்கள் விரும்பியது நான்கு கதவும், குடும்பம் முழுவதும் ஏறத்தக்க ஆசனமும், நல்லூர்த் திருவிழாவுக்கும் கீரிமலைக்கும் போய்வரத் தக்க உறுதியும் கொண்ட வண்டியையே. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் என்பன அவ்வாறு வந்தவை. பத்துப் பதினைந்து வருடங்களின் பின் அவை வாடகைக் கார்ச் சாரதிகளின் கைக்கு வந்தன. ஊர்ப்பிள்ளைகளுட் பலர் பிறந்ததும், ஊர்ப்பெண்கள் மணப்பெண்ணாக ஏறியதும், ஊர்க்கிழவர்கள் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனதும் அவற்றிலேதான்.

எங்கள் சிநேகிதரைத் தேற்றுவதற்கு ஒரு செய்தி இருந்தது. கனவான்களின் காருக்கும் வாடகைக் காருக்கும் உள்ளே உள்ள வித்தியாசம் வெளியே தெரிவதைவிட மிகக் குறைவு. 1955 இல் வந்த எம்.ஜி.ஏ. என்ற அழகிய காரின் யந்திரமும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜின் யந்திரமும் ஒரே வகை. 1958 இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற் என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் காரில் இருந்த 948 கன சென்றிமீற்றர் யந்திரம் அக்காலத்து மொறிஸ் மைனரிலும் இருந்ததே. இன்னும் நெருங்கிய உறவும் உண்டு. ஒஸ்ரின் கம்பனி 1950 முதல் 1953 வரை ஏ40 ஸ்போர்ட்ஸ் என்றொரு காரை விற்றது. சாதாரண ஏ40 காரின் 1,200 கன சென்றிமீற்றர் யந்திரத்துக்கு இரண்டு காபரேற்றர் பூட்டி, திறந்த கூரையுள்ள உடலை அணிவித்து விட்ட கார் அது. 1951 இல் அதிலொன்றை உலகைச் சுற்றி 21 நாளில் ஓட்டி முடித்து விளம்பரம் செய்தார்கள். கடல் குறுக்கிட்ட இடங்களில் விமானத்தில் ஏற்றினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஏ40 இனத்தின் அடுத்த பிள்ளைதான் சோமசெற். 1952 முதல் 1954 வரை லோங்பிரிட்ஜில் செய்யப்பட்டது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது பிரித்தானியா அமெரிக்காவுக்குப் பெருங்கடனாளியாக இருந்தது. ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைக்கே உருக்கு என்று அரசாங்கம் பங்கீடு வகுத்தது. ஆகவே இங்கிலாந்தின் தொழிலாளி செய்த கார் இங்கிலாந்தின் தெருவில் ஓடாமல் கப்பலேறியது. இங்கே, கொரிய யுத்தத்தால் 1950 – 51 இல் இறப்பர் விலை ஏறி, இலங்கையின் கையில் அந்நியச் செலாவணி நிறைந்திருந்தது. களுத்துறையிலும் கேகாலையிலும் விடியற்காலையில் மரம் வெட்டிப் பால் எடுத்த தொழிலாளியின் உழைப்பே யாழ்ப்பாணத்து வீட்டு வாசலில் சோமசெற்றாக வந்து நின்றது என்று சொன்னால் கணக்குப் பிழையாகாது.

நாங்கள் வாங்கிய கார் 1953 ஆம் வருடத்தது. உரும்பிராய்ப் பக்கத்தில், வாழைத் தோட்டத்தின் ஓரம், கிடுகுக் கொட்டில் ஒன்றில் நின்றது. அதன் சொந்தக்காரரான சாரதியும் அதே வருடத்தில் பிறந்தவர். தகப்பனார் வெங்காயமும் மிளகாயும் செய்த கமக்காரர். 1970 முதல் 1977 வரை இருந்த அரசாங்கம் அவற்றின் இறக்குமதியைத் தடுத்தபோது யாழ்ப்பாணத்துக் கமக்காரன் தலைநிமிர்ந்தான். அந்தக் காசில் தகப்பனார் 1976 இல் மகனுக்கு இக்காரை வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருடம் திறந்த பொருளாதாரம் வந்து வெங்காய விலை விழுந்தது. கார் மட்டும் மிஞ்சியது. அதைக் கொண்டே மூன்று பிள்ளைகளை வளர்த்தார். காரின் இலக்கத் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன. 1957 முதல் புதிய வாகனங்களுக்குச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து கட்டாயமாயிற்று. 1958 இல் அவ்வெழுத்தைத் தாங்கிய பஸ்கள் வடக்கே அனுப்பப்பட, இங்கே எழுத்துக்குத் தார் பூசினார்கள். தெற்கே தமிழ்ப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். அவ்வருடம் மே மாதத்தில் மனிதரைக் கொன்றார்கள். இப்போது கொழும்பிலிருந்து வரும் தரகர்கள் ‘ஸ்ரீ’க்கு முந்திய தகடு என்று இந்த இலக்கத்துக்கே தனி விலை பேசுகிறார்கள்.

சாரதி காரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் யுத்தகாலத்துக்குப் போய்த்தான் நிற்பார். 1990 இல் யுத்தம் மறுபடி மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. சீமெந்து, இரும்பு, பசளை, பற்றரி, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடைப் பட்டியலில் ஏறின. வீடுகளில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது எண்ணெயும் விட்டு விளக்கெரித்த காலம். சைக்கிள் டைனமோவைக் கையாற் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம். அக்காலத்தில்தான் இந்தக் கிழட்டு ஆங்கிலக் கார்கள் தம் தகுதியைக் காட்டின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆறிய யந்திரத்தில் அது பற்றாது. ஆகையால் சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு யந்திரத்தை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்தம் மிகுந்த புதிய யந்திரங்கள் இந்த உணவை ஏற்காமல் உள்ளே தட்டத் தொடங்கும். சோமசெற் போன்றவற்றில் அழுத்த விகிதம் ஏழு மடங்கு அளவே. கரும்புகை கக்கினாலும் ஓடும். மருத்துவிச்சியை ஏற்றி வரவும், ஷெல் பட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும் இவையே இருந்தன. பொறியியற் கல்லூரியில் யாரும் கற்பித்த வித்தையல்ல இது. கராச்சுகளிலே எண்ணெய் படிந்த கைகள் கண்டுபிடித்து ஒன்றிலிருந்து ஒன்றாகப் பரப்பியது. எந்தப் பாடநூலிலும் இதற்கு ஒரு பக்கம் கிடையாது.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவைப் பற்றி அவர் சொன்னதையும் எழுத வேண்டும். யாழ்ப்பாணப் பட்டினமும் வலிகாமமும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தன. அவருடைய காரில் ஒன்பது பேர்; அவர்களில் ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி. சாவகச்சேரி பட்டினத்திலிருந்து பத்து மைல் தூரந்தான்.

“ஓடினதெண்டு சொல்லேலாது மாஸ்ரர், தள்ளினதெண்டுதான் சொல்ல வேணும். செம்மணியிலை தண்ணி கொதிச்சிட்டுது. சனம் நெருக்கினதிலை கதவு துறக்க ஏலேல்லை. நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட விடிஞ்சு போச்சு” என்றார்.

உலகை 21 நாளில் சுற்றிய ஏ40 பற்றி எங்கள் சிநேகிதர் அன்றைக்கு அவரிடம் சொல்ல எண்ணியிருந்தார்; சொல்லவில்லை.

இத்தனை காலம் விற்காதவர் இப்போது ஏன் விற்க வந்தார்? அவருடைய இளைய மகன் முச்சக்கர வண்டியொன்றை லீசிங் முறையில் எடுத்திருந்தார். 2022 இல் நாட்டின் கருவூலம் வற்றியபோது எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அவ்வருடம் ஜூலையில் வாராந்தப் பங்கீடு வந்தது; தொடக்கத்தில் காருக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். ஐந்து லீற்றரில் ஒரு குடும்பம் எப்படிப் பிழைக்கும்? தகப்பன் தன் காரை ஓட்டாமல் நிறுத்திவிட்டு, அதன் பங்கை மகனுடைய வண்டிக்கு ஊற்றினார். அப்படியும் மாதக் கட்டணம் தவறியது, வட்டி ஏறியது, வட்டிக்கு வட்டி ஏறியது. கடைசியில் நிறுவனத்தார் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இங்கே சற்று நிற்க வேண்டும். தகப்பனுடைய கார் எழுபது வருடப் பழசு, மழைக்கு ஒழுகும், ஆனால் அது அவருடையது. பழுது வந்தால் தானே திறந்து பார்ப்பார். யாரும் வந்து அதை இழுத்துக்கொண்டு போக முடியாது. மகனுடைய வண்டி புத்தம் புதியது. காலையில் அதைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்பவர் அவர். அதன் உரிமையாளர் பட்டினத்தில் குளிரூட்டிய அறையில் இருந்தார். உழைப்பவனிடமிருந்து உழைப்புக் கருவியைப் பிரித்து வைப்பது ஆலைகளில் மாத்திரம் நடப்பதென்று எண்ணிக்கொண்டிருக்கும் மாணவர்கள் இந்த வீட்டு முற்றத்தை வந்து பார்க்கலாம்.

கார் விலைபோகும் காலமாகவும் அது இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் ஓடக்கூடிய எதற்கும், ஓடாததற்கும்கூட விலை ஏறியது. கொழும்புத் தரகர் ஒருவர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். யந்திரத்தைக் கழற்றி எறிந்து ஜப்பானிய யந்திரம் பூட்டி, கூரையை வெட்டித் திறந்த காராக்கி, கலியாண ஊர்வலங்களுக்கு விடுவது அவருடைய யோசனை. அவர் கேட்ட விலை எங்களால் இயலாதது. சாரதி எங்களிடம் கேட்டதோ மகனுடைய கடன் மீதியும் வட்டியும் சேர்ந்த தொகை. அதற்கு மேலே ஒரு சதமும் இல்லை.

இதில் எங்களுக்குள் வாதம் எழுந்தது. நாங்கள் மூவர். ஒருவர் கணித ஆசிரியர். மற்றவர் சரித்திர ஆசிரியர், அவர் கேட்டார்: “சனம் ஒருவேளைச் சோற்றுக்குக் கணக்குப் பார்க்கிற நாளிலே பழங்காருக்குக் காசு கொட்டுவது நியாயமோ?” நியாயமான கேள்வி. அதைவிடக் கடினமான கேள்வியை அவரே அடுத்துக் கேட்டார். தரகர் கூடிய விலை தர நிற்கையில், நல்ல மனத்தினால் கிழவர் குறைத்துத் தருகிறார். அந்த நல்ல மனத்தைக் காசாக்குவது யார்? தரகர் செய்தால் சுரண்டல், ஆசிரியர் செய்தால் இலட்சியமா? இரண்டு கிழமை இதைப் பேசினோம். முடிவில், காரின் நாலிலொரு பங்கு சாரதியிடமே இருப்பதென்றும், அது மறுபடி வாடகைக்கு ஓடும்போது சாரதிக் கூலி போக மிஞ்சும் வருமானத்தில் அப்பங்கு அவருக்கு உரியதென்றும், நாங்கள் விற்க நினைத்தால் அவருடைய சம்மதம் வேண்டுமென்றும் எழுதிக் கையொப்பமிட்டோம். சரித்திர ஆசிரியர் இன்னும் முழுத் திருப்தி அடையவில்லை. பங்கு பாதியாக இருந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

கூரையைப் பற்றியும் பேச்சு வந்தது. சோமசெற்றில் துணிக் கூரையுள்ள வகையொன்றும் அக்காலத்தில் விற்கப்பட்டதென்று கணித ஆசிரியர் ஆதாரம் காட்டினார். சாரதி அமைதியாகக் கேட்டுவிட்டு, “வெட்டலாம் மாஸ்ரர். பங்குனி வெயிலுக்கை ஆர் ஏறுவினம்?” என்றார். கூரை தப்பியது.

திருத்த வேலை கொக்குவிலில் ஒரு கராச்சில் நடக்கிறது. மெக்கானிக்குக் கிட்டத்தட்ட அறுபது வயது. பன்னிரண்டாம் வயதில் சாவி எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தவர். அத்தாட்சிப் பத்திரம் எதுவும் கிடையாது. யந்திரத்தின் தலையைக் கழற்றியபோது உள்ளே விரற்கடை அளவு கரி. சிலிண்டர் சுவரில் விரலை ஓட்டிப் பார்த்து, “மண்ணெண்ணெய் தின்ட கார்” என்றார். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ஓரத்தால் வழிந்து யந்திர எண்ணெயை நீராக்கும்; நீர்த்த எண்ணெயில் உலோகம் உலோகத்தைத் தின்னும். மேலே தேய்வு அதிகம், கீழே குறைவு. அதைக் கடைந்து, அளவிற் பெரிய பிஸ்ரன் போட வேண்டும். அந்த அளவில் பிஸ்ரன் கிடைக்காது. வேறொரு வாகனத்தின் பிஸ்ரனை எடுத்துக் கடைசல் இயந்திரத்தில் தலையைச் சீவிப் பொருத்தினார்கள். காஸ்கெற்றைச் செம்புத் தகட்டில் வெட்டினார்கள். ஆசனத்துக்குத் தென்னந் தும்பு. கதவின் அடிப்பாகமும் தரைத் தகடும் கடற்காற்றில் கறளேறி உதிர்ந்துவிட்டன. எனினும் சோமசெற்றில் அடிச்சட்டம் வேறு, உடல் வேறு. உடலைத் தூக்கி வைத்துவிட்டுச் சட்டத்தைத் தனியே சுரண்டிப் பூச்சுப் பூசலாம். பின்னால் வந்த கேம்பிரிட்ஜிலும் மொறிஸ் மைனரிலும் இந்த வசதி இல்லை. அங்கே உடலே சட்டம், கறள் பிடித்தால் இரண்டும் போயிற்று. தகரம் தட்டுகிறவர் மட்கார்ட்டின் வளைவை ஒரு மரக்கட்டையில் வைத்துச் சிறுசிறு அடியாகத் தட்டி எடுத்ததை ஒரு பின்னேரம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தோம். அளவுகோல் எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தார், அவ்வளவுதான்.

கணித ஆசிரியர் அங்கே ஒரு விஷயத்தைக் கவனித்தார். கராச்சில் இரண்டு தொகுதிச் சாவிகள் இருந்தன. ஒன்று அங்குல அளவு, மற்றது மில்லிமீற்றர் அளவு. அங்குலச் சாவிகள் தேய்ந்து மழுங்கியவை. மில்லிமீற்றர்ச் சாவிகள் புதியவை. யாழ்ப்பாணத் தெருவில் இன்று ஓடும் கார்களுட் பெரும்பாலானவை ஜப்பானியக் கார்கள். அந்த ஜப்பானிலேயே நிசான் கம்பனி 1952 டிசம்பரில் ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்து, 1953 முதல் இதே சோமசெற்றைப் பூட்டி வேலை பழகியது என்பது பலருக்குத் தெரியாது. அவர்கள் பூட்டினார்கள், பிறகு உதிரிகளைத் தாங்களே செய்தார்கள், பிறகு காரையே செய்தார்கள். இந்தியாவில் மொறிஸ் ஒக்ஸ்போர்ட் அம்பாசிடராகி 2014 வரை செய்யப்பட்டது. எங்கள் நாட்டில் அதே கார்கள் எழுபது வருடம் ஓடின. அவற்றைத் திருத்தத் தெரிந்த கைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. தென்னிலங்கையில் 1990களில் மொறிஸ் மைனருக்கான உதிரிகள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய தொழிற்கூடமும் இருந்தது. அதே வருடங்களில் ஆனையிறவுக்கு வடக்கே ஒரு பிளக் கொண்டு வருவதும் குற்றமாயிருந்தது. திறமைக்கு இந்நாட்டில் எப்போது பஞ்சம் இருந்தது? பையன் மெக்கானிக் ஆவதைக் குடும்பத்துக்கு இறக்கமாக எண்ணவைத்து, கந்தோர் மேசைக்காகவே பிள்ளைகளைத் தயார் செய்த கல்வியில் எங்கள் தொழிலுக்கும் பங்குண்டு என்பதைச் சரித்திர ஆசிரியர் எடுத்துச் சொன்னார். மறுக்க முடியவில்லை.

லோங்பிரிட்ஜின் கதையும் மகிழ்ச்சியானதல்ல. கம்பனிகள் இணைந்தன, பெயர் மாறின, அரசுடைமையாயின, மறுபடி விற்கப்பட்டன. 2005 ஏப்ரலில் எம்.ஜி. ரோவர் வீழ்ந்தபோது ஆறாயிரம் தொழிலாளர் அளவில் வேலையிழந்தனர். எம்.ஜி. என்ற பெயர் இன்று ஒரு சீன நிறுவனத்தினுடையது. எங்கள் காரைப் பூட்டிய கைகளின் பேரப்பிள்ளைகள் அந்த ஏப்ரலில் வாயிலுக்கு வெளியே நின்றிருக்கக்கூடும்.

முச்சக்கர வண்டி மீட்கப்பட்டுவிட்டது. மகன் மறுபடி யாழ்ப்பாண ஆஸ்பத்திரி வீதியில் ஓடுகிறார். கராச்சில் இப்போது இரண்டு பையன்கள்தான் வேலை பழகுகிறார்கள். மூன்றாமவன் சென்ற மாதம் கட்டாருக்குப் போய்விட்டான். சாரதி சனிக்கிழமைதோறும் பஸ் எடுத்து வந்து, மெக்கானிக்கோடு தேநீர் குடித்து, வேலையைச் சோதிக்கிறார். கதவுத் தூணிலிருந்து கையைப்போல நீண்டு திரும்பும் திசையைக் காட்டும் குறிகாட்டிகள் இரண்டில் இடப்பக்கத்தது எழும்புகிறது, வலப்பக்கத்தது எழும்பவில்லை. ரேடியேற்றர் ஒட்டி வந்துவிட்டது. முன்கண்ணாடியின் இறப்பர் வளையத்துக்குச் சுன்னாகத்தில் சொல்லி வைத்திருக்கிறோம். வர்ணம் பற்றி இன்னும் தீர்மானமில்லை. கணித ஆசிரியர் சிவப்பு என்கிறார். சாரதி, வாங்கிய நாளில் இருந்த கறுப்பே வேண்டும் என்கிறார். பங்குதாரர் என்ற வகையில் அவருக்கும் ஒரு வாக்கு உண்டு. சரித்திர ஆசிரியரின் வாக்கும் அவர் பக்கம்.